சிம்பொனியின் அறையும் இடது ஓரக் கட்டைகளும்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கிடங்கில் அவரைச் சிம்பொனி என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையில் வந்த பெயர் அல்ல. சாப்பாட்டு இடைவேளையில் யாராவது கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டால் போதும். "இதுல வர்ற வயலின் அசல் இல்லீங்க, சாம்பிள். அதுவும் மட்டமான சாம்பிள்" என்று ஆரம்பித்துவிடுவார். பாட்டைப் போட்டவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போவார். சிம்பொனியும் அந்த மேசைக்குப் போவார்.

அவர் சொல்லும் சாம்பிள் மாயவித்தை ஒன்றும் அல்ல. எங்கோ ஒருவர் தன் வயலினில் ஒரு சுரத்தை மெல்ல, ஓங்கி, இழுத்து, விரலால் சுண்டி, பலவிதமாக வாசிக்கிறார். பிறகு அடுத்த சுரம், அதற்கடுத்த சுரம் என்று கை ஓயும்வரை வாசிக்கிறார். அத்தனையையும் பதிவுசெய்து தொகுத்து விற்கிறார்கள். அதற்கு லைப்ரரி என்று பெயர். வாங்கியவர், கணினியோடு இணைத்த கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்த வயலின் ஒலிக்கும். வயலின் கற்க வேண்டாம். வயலின்காரருக்கு வேலை கொடுக்கவும் வேண்டாம். விளம்பரத்தில் மைக்கின் பெயர் இருக்கும், பதிவுசெய்த கூடத்தின் பெயர் இருக்கும், கூடத்துச் சுவர் எந்தக் கல்லால் ஆனது என்பதுகூட இருக்கும். வாசித்தவர் பெயர் மட்டும் இருக்காது. சிம்பொனி இதை ஒருநாளும் கவனித்ததில்லை.

தன்னை எதையும் நம்பாத ஆள் என்று அவர் சொல்லிக்கொள்வார். சகுனம் பார்க்க மாட்டார், ராசிபலன் படிக்கிறவர்களைக் கிண்டல் செய்வார். ஆனால் "ஆன்மா ததும்பும் வயலின்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். ஆன்மா எத்தனை கிகாபைட் என்று மட்டும் பார்ப்பார். கிகாபைட் கூடக்கூட ஆன்மாவும் கூடும் என்பது அவர் சித்தாந்தம். லைப்ரரி இறங்கும்போது திரையில் ஊர்ந்து வளரும் அந்தப் பச்சைக் கோட்டின் முன்னால் அவர் உட்கார்ந்திருக்கும் பவ்யத்தைப் பார்த்தால், சாமியே இல்லாமலும் பக்தன் உருவாக முடியும் என்பது விளங்கும்.

வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் குடும்பம் தூங்கியது. இன்னொன்றில் வயலின்கள் தூங்கின. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மகளின் மேசை, போட இடமில்லாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அவள் சலவை இயந்திரத்தின் மேல் புத்தகத்தை வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் படித்தாள். இயந்திரம் துணியைப் பிழியத் தொடங்கியதும் எழுத்துகள் ஆடும். அதற்குள் ஒரு பாடத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

இதில் கொடுமை என்னவென்றால், அத்தனை லைப்ரரி சேர்த்தும் சிம்பொனி ஒரு இசையையும் முடித்ததில்லை. தொடங்குவார். நாலு சுரம் வாசிப்பார். உடனே செல்லோ என்கிற பெரிய வயலினில் எந்த லைப்ரரியை எடுப்பது என்ற கேள்வி வந்துவிடும். ஒன்றை எடுப்பார், உதட்டைப் பிதுக்குவார். மற்றொன்றை எடுப்பார், தலையைச் சாய்ப்பார்.

"இது ரொம்ப ஈரமா இருக்கு. அது ஒரேயடியாக் காஞ்சு கிடக்கு" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். எதிரொலி அதிகமாக இருந்தால் ஈரம், இல்லாவிட்டால் காய்ச்சல். இசைப்பதிவுத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஏங்க, அவ்வளவு அக்கறை இருந்தா மாடியில நனையுற துணிய எடுத்துட்டு வாங்க" என்பார் மனைவி.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். வார்த்தையையும் அப்படித்தான் ஏற்றுவார்: சரியான நரம்பில், ஒரே குத்தில். அவருடைய தம்பி ஒலிபெருக்கிகள் வாடகைக்கு விடுபவர். எந்தக் கூட்டமானாலும் அவருடைய ஆளுயரப் பெட்டிகள்தாம் போய் நிற்கும். "என் பாக்ஸுல பேஸ் அடிச்சா நெஞ்செலும்பு ஆடும் மாமா" என்று அக்காள் கணவரிடம் பீற்றிக்கொள்வார்.

"உனக்குச் சத்தம்தான் தெரியும் மச்சான். எனக்கு நாதம் தெரியும்" என்பார் சிம்பொனி.

"தெரிஞ்சு என்ன மாமா? கல்யாணமான நாள்லேருந்து பாக்கறேன், நீங்க சமையல் சாமான் வாங்கிட்டே இருக்கீங்க. ஒரு நாளும் அடுப்புல ஒலை வைக்கல."

இப்படி இருக்கையில் தொழிற்சாலைக்கு வெள்ளிவிழா வந்தது. தொழிற்சாலையின் பெருமையைச் சொல்லும் ஒரு படத்தை எடுத்தார்கள். அதற்குப் பின்னணி இசை வேண்டும். பணியாளர் நல அதிகாரி கிடங்குக்கே வந்து சிம்பொனியின் தோளில் கைபோட்டார். பணியாளர் நலத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனிப்பவர் அவர்.

"நம்ம குடும்பத்துலயே ஒரு இசைக்கலைஞர் இருக்கும்போது வெளியில எதுக்கு சார் தேடணும்?"

ஒரு நிறுவனம் உழைப்பை இலவசமாக வாங்கும்போது மட்டும் அது குடும்பமாகிவிடும். அந்தக் குடும்பத்தின் லட்சணம் சிம்பொனிக்குத் தெரியாததல்ல. பசைப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஜன்னல் இல்லாத கூடம். கொதிக்கும் பசையின் நெடியில் பெண்கள் முந்தானையாலும் துப்பட்டாவாலும் மூக்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுதும் நின்றபடி பெட்டி ஒட்டுவார்கள். நெடியை வெளியே தள்ள ஒரு விசிறி கேட்டார்கள். கேட்டவர்களில் முன்னால் நின்ற அம்மாளை, "ஒடம்பு சரியில்லன்னா வீட்டுல இருந்து ஓய்வெடுங்க" என்று அனுப்பினார்கள். இன்றுவரை அவருக்கு ஓய்வுதான். விசிறி வரவில்லை. அவர் கிடங்கு வாசல் வழியாக அழுதுகொண்டு போனபோது, சிம்பொனி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. புதுப் புல்லாங்குழல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிவிழா வேலையை அவர் பெருமையாக வீட்டில் சொன்னார். மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"நல்லது. இது முடிவா இருக்கட்டும். இந்த ஒண்ணையாவது முழுசா முடிச்சு, நாலு பேரு காது குடுத்துக் கேக்குற மாதிரி பண்ணுங்க. பண்ணிட்டா ரூம் உங்களுது, நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லேன்னா விழா முடிஞ்ச மறுநாளே பாப்பாவோட மேசை உள்ள போகும். உங்க வயலின் எல்லாம் வாஷிங் மெஷின் மேல போகும்."

"கேக்கலேன்னா பாரு" என்றார் சிம்பொனி.

"அப்பா, தோத்துட்டா அழக் கூடாது" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அறை போய்விடும் என்ற பயத்தில் ஒரு அதிசயம் நடந்தது. அவர் வேலை செய்தார். சும்மா வெள்ளோட்டம் பார்க்கத்தானே என்று, எப்போதோ இலவசமாகக் கிடைத்த ஒரு பழைய வயலின் லைப்ரரியை எடுத்துக்கொண்டார். இலவசச் சரக்கு என்பதால் அதை அவர் மதிக்கவில்லை. மதிக்காததால் அதன் ஈரத்தையும் காய்ச்சலையும் சோதிக்கவில்லை. சோதிக்காததால் நேரம் மிஞ்சியது. மெட்டு வந்தது. எளிய, கொஞ்சம் ஏக்கமான மெட்டு. படத்தில் முதலாளி பேசும்போது வில்லால் இழுத்த வயலின்கள் மெல்ல ஒலிக்கும். அவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் விரலால் சுண்டிய வயலின்கள் குதித்தோடும்.

அந்த லைப்ரரியில் இழுப்பதிலிருந்து சுண்டுவதற்கு மாற ஒரு வழி இருந்தது. கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் கடைசிக் கட்டைகளில் ஒன்றை அழுத்த வேண்டும். அந்தக் கட்டைகள் தாமாக ஒலிப்பதில்லை. "இனி சுண்டு", "இனி இழு" என்று கட்டளை மட்டும் இடும். சிம்பொனி ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இடது ஓரக் கட்டையை அழுத்தி, விரலை எடுக்காமல் சற்று நேரம் ஊன்றியே வைத்திருப்பார். சத்தமே வராத கட்டையில் விரல் எவ்வளவு நேரம் இருந்தால் என்ன? கணினி அதையும் வாசித்த சுரமாகவே குறித்துக்கொண்டது.

இசை முடிந்தது. அன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி எதையோ முணுமுணுத்தார்.

"அம்மா, அது அப்பாவோட மெட்டு" என்றாள் மகள்.

"சீ, போடி" என்றார் மனைவி. ஆனால் முணுமுணுப்பை நிறுத்தவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அவர் அறையோடு வாழ்ந்திருப்பார். விழாவுக்கு முதல் நாள் மின்னஞ்சல் வந்தது. குளிர்நாடு ஒன்றின் பழைய தேவாலயத்தில், தொண்ணூறு பேரை உட்காரவைத்துப் பதிவுசெய்த முழு இசைக்குழு. கீபோர்டின் ஒரு கோடி முதல் மறுகோடி வரை எந்தக் கட்டையை அழுத்தினாலும் இசைக்குழு முழங்கும். "அந்தச் சுவர்கள் நூற்றாண்டுகளாகப் பிரார்த்தனைகளைக் கேட்டவை" என்று எழுதியிருந்தார்கள். பிரார்த்தனையை அதிகம் கேட்ட சுவரில் எதிரொலி நன்றாக வரும் என்று எந்த இயற்பியலும் சொல்லவில்லை. பிரார்த்தனைகளுக்கு மறுமொழி சொல்லாத சுவர், வயலினுக்கு மட்டும் சொல்லிவிடுமா? சகுனம் பார்க்காத நம் ஆள் வாங்கிவிட்டார்.

"மாமா, பாட்டைக் குடுங்க, ஹால்ல போட்டுப் பாத்துடறேன். பெட்டியெல்லாம் எறக்கி வெச்சாச்சு" என்று மச்சான் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பொறு மச்சான். வயலினை மாத்திட்டிருக்கேன்."

"முடிஞ்சதை எதுக்கு மாமா நோண்டுறீங்க?"

"உனக்குப் புரியாது. காலையில நேரா கொண்டுவர்றேன்."

பழைய வயலின்களை நீக்கிவிட்டு, அதே சுரங்களைப் புது இசைக்குழுவின் கையில் கொடுத்தார். காதில் மாட்டுவதைக் கிடங்கிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். மகள் படிக்கிறாள் என்பதால் மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில், சத்தத்தைக் குறைத்துக் கேட்டார். தொண்ணூறு பேர் கொசு ரீங்காரமாக வந்தார்கள். நடுநடுவே "டப்" என்று ஏதோ கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவாக இருக்கும் என்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

பக்கத்து வீட்டுக் கதவு அல்ல அது. பழைய லைப்ரரியில் வாய்பேசாமல் கட்டளை மட்டும் இட்ட இடது ஓரக் கட்டைகள், புது லைப்ரரியில் ஆள் பருமன் எக்காளங்களும் அடித்தொண்டைக் கருவிகளும் குடியிருக்கும் கட்டைகள். அவ்வளவு தாழ்ந்த சுரத்தைச் சொல்ல மடிக்கணினிக்குத் தொண்டை கிடையாது. மச்சானின் பெட்டிகளுக்கு உண்டு.

விழாக் கூடம் நிரம்பியிருந்தது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வராவிட்டால் அன்றைய வருகை வெட்டு என்று அறிவிப்பு இருந்தது. முன்வரிசையில் முதலாளி. பின்வரிசைகளில் பசைப் பிரிவுப் பெண்கள். நடுவில் மனைவியும் மகளும். ஒலிப் பலகையின் முன்னால் மச்சான். அவர் பக்கத்தில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு சிம்பொனி.

விளக்குகள் அணைந்தன. திரையில் இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொன்றின் பெயரும், செய்த நாடும் எழுத்தில் வந்தன. அவற்றை ஓட்டுபவர்கள் பின்னால் மங்கலாக நகர்ந்தார்கள். அவர்களுக்குப் பெயர் வரவில்லை. வயலின்கள் மெல்ல எழுந்தன. சிம்பொனி கண்ணை மூடினார். முதலாளி திரையில் தோன்றிப் புன்னகைத்தார்.

"இது நிறுவனம் அல்ல. நாம் அனைவரும் ஒரே குடும்பம்."

பூஊஊஊம்.

வயிறு முட்டத் தின்ற ஏதோ ஒரு பெரிய மிருகம் நிம்மதியாக ஏப்பம் விட்டது போல இருந்தது. நாற்காலிகள் அதிர்ந்தன. முன்வரிசையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் உருண்டு விழுந்தது.

"மாமா, என்ன மாமா அது?" என்றார் மச்சான்.

"உன் பெட்டிதான். கம்பி லூசாயிருக்கும், பாரு!"

மச்சான் கம்பிகளைத் தடவிக்கொண்டிருக்கும்போதே முதலாளி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார்.

"உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை."

பூஊஊஊம்.

பின்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். பொத்திய கையைத் தாண்டிச் சிரிப்பு வந்துவிட்டது. அது பக்கத்தில் இருப்பவளைத் தொற்றியது.

"தொழிலாளர்களின் நலனே எங்கள் மூச்சு."

பூஊஊஊஊம்.

பசைப் பிரிவு முழுவதும் உடைந்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணீர் வழிய, பெஞ்சில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அடுத்த வாக்கியத்துக்குள் கூடம் பாடத்தைக் கற்றுக்கொண்டது. முதலாளி "உங்கள் குறைகளைக் கேட்க என் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது" என்று முடித்ததும், பெட்டிகளோடு சேர்ந்து அத்தனை பேரும் வாயாலேயே போட்டார்கள்: பூஊஊஊம்!

"நிறுத்துய்யா!" என்று அதிகாரி ஓடிவந்தார். மச்சான் நிறுத்தினார். படம் ஊமையாக ஓடியது. முதலாளி திரையில் வாயசைத்தார். அவர் வாய் மூடும்போதெல்லாம் கூடம் தானாகவே இசையமைத்தது. எந்த லைப்ரரியிலும் அந்தக் குரல்கள் இல்லை.

விழா முடிந்ததும் கிடங்கு ஆட்கள் சிம்பொனியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, இத்தனை நாளா உங்கள என்னமோன்னு நெனச்சோம். மன்னிச்சிடுங்க. எங்க வாய் பேசாததை உங்க பீப்பி பேசிடுச்சுண்ணே!"

"அது பீப்பி இல்ல, எக்காளம். அதுவும் நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தார் சிம்பொனி.

"புரியுது அண்ணே, புரியுது. வெளியில சொல்லாதீங்க" என்று கண்ணடித்தார்கள்.

வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் காலை அதிகாரியின் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"சார், இது நீங்க திட்டம் போட்டுச் செஞ்சதா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்கிற ஆளா அவர்? மடிக்கணினியைத் திறந்தார். இழுப்பது, சுண்டுவது, இடது ஓரம், கட்டளைக் கட்டை, தேவாலயம் எல்லாவற்றையும் விளக்கினார். அதிகாரியின் முகம் வெளிறியது. இவ்வளவு நுணுக்கமாகச் சதி செய்திருக்கிறானே என்று நினைத்திருப்பார். கடைசியில் சிம்பொனி பழைய வயலின்களோடு இருந்த முதல் பதிப்பைப் போட்டுக் காட்டி, "இதுதான் சார் என் மியூசிக். அது என்னோடது இல்ல. சத்தியமா என்னோடது இல்ல. லைப்ரரியோட தப்பு" என்றார். மெட்டு முடிவதற்குள் அதிகாரி கைபேசியில் பேசத் தொடங்கியிருந்தார்.

வேலை தப்பியது. எல்லோர் முன்னாலும் அதையே சொல்லச் சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நின்று, அது தன் இசை அல்ல என்றும், யாருக்கும் எந்த உள்நோக்கமும் இல்லை என்றும் சொன்னார். கடைசி மேசையிலிருந்து பதில் வந்தது: பூஊஊம். அதன்பிறகு யாரும் அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை. பழையபடி சிம்பொனிதான்.

ஆனால் அந்தச் சத்தம் தங்கிவிட்டது. அதிகாரி பசைப் பிரிவுக்குள் நுழைந்து "பாருங்கம்மா, நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று வாயெடுத்தால், எந்த மூலையிலிருந்து என்று தெரியாமல் வரும். ஒருத்தியை வெளியே அனுப்பலாம். ஒரு சத்தத்தை எப்படி அனுப்புவது? கொஞ்ச நாளில் சுவரை உடைத்து விசிறி மாட்டினார்கள். வெள்ளிவிழாப் பரிசு என்று அதற்கு ரிப்பன் கட்டித் திறந்தும் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட அம்மாளை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. பசைப் பிரிவு அதையும் மறக்கவில்லை. சத்தம் இன்னும் ஓயவில்லை.

வீட்டில் வழக்கு வேறு மாதிரி போனது. சாப்பாட்டுக் கூடத்தில் மன்னிப்புச் சொல்லிவிட்டு வந்த அன்றே சிம்பொனி மனைவி முன்னால் வந்து நின்றார்.

"நாலு பேரு கேக்கணும்னு சொன்னே. ஹாலே கேட்டுது. ரூம் எனக்குத்தான்."

"ஆமாக்கா, நியாயம்தான். சேந்து பாடவே செஞ்சாங்க" என்றார், காப்பி குடிக்க வந்திருந்த மச்சான்.

மனைவி முகம் துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, ஆபீஸுல என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"எங்க லேபுக்கு சாயங்காலம் ரத்தம் குடுக்க வந்த பசைப் பிரிவுப் பொண்ணு ஒருத்தி சொன்னா. எல்லார் முன்னாடியும் அது என் மியூசிக்கே இல்லேன்னு சத்தியம் பண்ணீங்களாமே. உண்மையா?"

சிம்பொனி போய் அறை வாசலை மறித்து நின்றார்.

"உங்களோடதுன்னு நிமிந்து நின்னு சொல்லியிருந்தா, வேலையே போயிருந்தாலும் அந்த ரூமை நான் விட்டுக் குடுத்திருப்பேன்" என்றார் மனைவி. "உங்களோடது இல்லேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் என்ன? பாப்பா, உன் மேசையை எடுடி."

மகள் ஏற்கெனவே மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபக்கத்தை மச்சான் பிடித்தார். "வழி விடுங்க மாமா, கால்ல பட்டுடப் போகுது."

இப்போது அந்த அறையின் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே மகள் ஆடாத எழுத்துகளைப் படிக்கிறாள். சிம்பொனியின் மடிக்கணினி சலவை இயந்திரத்தின் மேல் இருக்கிறது. இயந்திரம் ஓடாத நேரத்தில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, காதை இறுக மூடும் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். தொண்ணூறு பேரையும் அழித்துவிட்டார். குற்றம் அவர்களுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மனிதக் குரல்தான் இனி எதிர்காலம் என்கிறார். நேற்று ஒரு புது மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒரு பெண் வீட்டுவேலை செய்துகொண்டே தன்னை மறந்து முணுமுணுப்பது போன்ற, மிகமிக இயல்பான குரல்களின் தொகுப்பு. மாதிரிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறார். இது ஈரம். அது காய்ச்சல். எதிலும் உயிர் இல்லை என்று உதட்டைப் பிதுக்குகிறார்.

நாலடி தள்ளி, பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி அவருடைய மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.